அன்று நீ ஏன் பேசவில்லை, தம்பி?

தம்பி,

இதை வாட்ஸப்பில் அனுப்பத்தான் தட்ட ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அப்புறம், உன்னைப் போலவே நல்ல பிள்ளைகளாக இருக்கும் நிறைய தம்பிகளும் இதைப் படிக்கட்டும் என்று தோன்றியதால் இங்கேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, உன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே நீ ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த ராத்திரியைப் பற்றித்தான். ஹெட்செட்டில் ஒரு பக்கம் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். ஐந்து பேர் அணி. நீ, உன் நண்பர்கள் மூன்று பேர், கேமே கொண்டுவந்து சேர்த்த யாரோ ஒருவர். இரண்டாவது ரவுண்டில் அந்த ஐந்தாவது ஆள் மைக்கை ஆன் செய்து, "ஏ சைட்ல ரெண்டு பேர், ஒருத்தன் லோ" என்று எதிராளிகள் இருக்கும் இடத்தையும், ஒருவன் சாகும் நிலையில் இருப்பதையும் சொன்னார். பெண் குரல். உன் வயதுதான் இருக்கும்.

"டேய், பொண்ணுடா!" சிரிப்பு. "எந்த ஊரும்மா நீ?" "இன்ஸ்டா ஐடி குடு." அவள் இது எதற்கும் பதில் சொல்லாமல் "பி வர்றாங்க, பி வர்றாங்க" என்று மட்டும் சொன்னாள். போய் தோசை சுடு என்றான் ஒருவன். அதே ரவுண்டில் அவள் மூன்று பேரை வீழ்த்தினாள். உடனே "பாய்ஃப்ரெண்ட் கைல குடுத்துட்டியா?" என்று ஒரு கேள்வி. அதற்கு மேல் இன்னொருவன் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் குறி, அதன் பிறகு ஆட்டம் முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூட எரியவில்லை. ஆனால் அவள் விளையாட்டை விட்டுப் போகவில்லை. எதிராளி நிற்கும் இடத்தையெல்லாம் மேப்பில் குறி காட்டி, பிங் போட்டுக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துத்தான் நீங்கள் ஜெயித்தீர்கள்.

நீ ஒன்றும் சொல்லவில்லை. அங்கே பேசப்பட்டதில் ஒரு வார்த்தைகூட உன்னுடையது இல்லை, அது எனக்குத் தெரியும். நீ திரும்பி என்னைப் பார்த்தாய், கையை நீட்டி ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாய். அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாய். அந்தப் பெண்ணுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் முழுக்க உன்னுடைய அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

காலையில் சாப்பிடும்போது கேட்டதற்கு, "எல்லாருக்கும்தான்க்கா திட்டு விழும், கேம்ல அதெல்லாம் சகஜம்" என்றாய். சரி, யோசித்துப் பார்ப்போம். உனக்கு எப்போது திட்டு விழுகிறது? சுடத் தவறினால், நேரத்துக்கு வராமல் போனால். நன்றாக ஆடினால் நிற்கிறது. அவளுக்கு விழுந்த திட்டு, வாயைத் திறந்ததற்கு விழுந்தது. மூன்று பேரை வீழ்த்திய பிறகு அது இன்னும் மோசமானது. அப்புறம் இன்னொன்று, உன்னைத் திட்டுகிறவன் உன்னையா திட்டுகிறான்? உன் அம்மாவையும் அக்காவையும்தானே இழுக்கிறான். நான்கு பையன்கள் தங்களுக்குள் சண்டை போட்டாலும் அடிபடுவது அந்த அறையிலேயே இல்லாத பெண்கள்தான். அப்படிப்பட்ட இடத்துக்குள் நிஜமாகவே ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசி.

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. காலேஜ் இரண்டாம் வருடத்தில் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர் ஒன்றில் சாயங்காலம் லேன் கனெக்‌ஷனில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஓடும். மணிக்கு 20 ரூபாய். மெயில் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நானும் போவேன். பெண் என்று தெரியாதபடி ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நம்பர் கேபின், மரப்பலகைத் தடுப்பு, கீ போர்டில் டபிள்யூ எழுத்து தேய்ந்தே போயிருக்கும். இரண்டு மாதத்தில் நன்றாகவே ஆட வந்துவிட்டது. ஒரு நாள் நான் தொடர்ந்து ஜெயிக்கவும், "யார்ரா இவன்?" என்று ஒருவன் எழுந்து ஒவ்வொரு கேபினாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அப்புறம் மற்றவர்களைக் கூப்பிட்டான். ஆறு பேர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

யாரும் கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. என் கையைத்தான் பார்த்தார்கள். மவுஸ் மேல் இருந்த கையை. நிஜமாகவே இவள்தான் ஆடுகிறாளா என்று பார்க்க நின்றார்கள். என் விரல்கள் மரத்துப் போயின, அடுத்த மூன்று ரவுண்டும் தோற்றேன். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒருவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை. சென்டர் நடத்திய அண்ணன் நல்லவர். இரண்டு நாள் கழித்துத் தெருவில் பார்த்தபோது, ஏம்மா வர்றதில்லை என்று கேட்டார். அன்றைக்கு அவரும் கவுண்டரில்தான் உட்கார்ந்திருந்தார்.

இதைப் படித்துவிட்டு, அது அந்தக் காலம், நம்ம ஊரு அப்படி என்று நினைத்துவிடாதே. 2016-ல் தென்கொரியாவில் நடந்ததைக் கேள். கிம் சே யோன், 17 வயது, கேமில் அவள் பெயர் கெகுரி. ஓவர்வாட்ச் என்ற, அணியாகச் சுட்டு ஆடும் கேமில் ஸார்யா என்ற பாத்திரத்தை எடுத்து ஆடுவாள். அவள் குறி தவறாமல் சுடுவதைப் பார்த்துவிட்டு, இது மனுஷக் கையால் முடியாது, ஏதோ புரோகிராம் போட்டு ஏமாற்றுகிறாள் என்று எதிரணி வீரர்கள் குற்றம் சாட்டினார்கள். குற்றச்சாட்டு பொய் என்றால் நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்றுகூடச் சொன்னார்கள். மிரட்டல்களும் வந்தன. கேமை உருவாக்கிய நிறுவனத்தின் தரப்பில் பார்த்துவிட்டு, அவள் ஏமாற்றவில்லை என்றார்கள். அவளும் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, திரையை ஒரு கேமராவும் கையை ஒரு கேமராவும் காட்ட, நேரலையில் விளையாடிக் காட்டினாள். கை அப்படித்தான் ஆடியது. குற்றம் சொன்னவர்களில் இரண்டு பேர் விலகினார்கள். 2018-ல் அவள் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்தாள். அந்த கேமின் தொழில்முறைப் போட்டியான ஓவர்வாட்ச் லீக்கில் ஆடிய முதல் பெண் அவள்தான்.

இந்தக் கதையை நான் முதலில் படித்தபோது எல்லோரும் அவள் ஜெயித்ததைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தக் கேமராதான் கண்ணில் நின்றது. 17 வயதுப் பெண்ணின் கைக்கு மேல் ஒரு கேமரா. அவளால் தாங்க முடிந்தது, ஆடிக் காட்டிவிட்டாள். எனக்கு வெறும் ஆறு ஜோடிக் கண்கள்தான், அதையே தாங்க முடியவில்லை.

கேம் என்பதே பையன்கள் உருவாக்கி பையன்கள் ஆடியது, பெண்கள் நடுவில் வந்து நுழைந்தார்கள் என்று உன் நண்பன் ஒருவன் அன்று சொன்னானே, அவனிடம் இதைச் சொல். 1980-ல் ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்து வெளிவந்த கேம்தான், எழுத்தை மட்டும் வைத்து ஆடிக்கொண்டிருந்த சாகச கேம்களுக்குப் படம் கொண்டுவந்தது. 1982-ல் ஆற்றின் மேல் விமானம் ஓட்டி, பாலத்தைச் சுட்டு, எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும் ரிவர் ரெய்டை எழுதியவர் கேரல் ஷா. மொத்த கேமும் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் அடங்க வேண்டும். அவ்வளவு நீள ஆற்றைச் சேமித்து வைக்க இடம் ஏது? ஒரு கணக்கைக் கொடுத்து, ஆடும்போதே ஆறும் கரையும் உருவாகிக்கொண்டு வரும்படி செய்தார். எனக்கு இதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதற்கு முன் அட்டாரி என்ற கேம் நிறுவனத்தில் அவர் வேலை பார்த்தபோது அதன் தலைவர் ரே கஸார் அங்கே வந்து, நமக்கு ஒரு பெண் கிடைத்துவிட்டாள், இனி வண்ணப் பொருத்தம், வீட்டு அலங்காரம் பற்றியெல்லாம் கேம் செய்யலாம் என்ற மாதிரி பேசினாராம். ஷாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார். தோசை சுடச் சொன்னவனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

2014-ல் அனிதா சர்க்கீசியனுக்கு நடந்ததை நீயே தேடிப் படி. வீடியோ கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று வீடியோ போட்டதற்காக, அமெரிக்காவின் யூட்டாவில் அவர் பேசவிருந்த பல்கலைக்கழகத்துக்கு, வருகிறவர்களைச் சுட்டுத் தள்ளுவோம் என்று மின்னஞ்சல் வந்தது. துப்பாக்கியோடு யாரும் உள்ளே வராமல் தடுக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அவர் பேச்சையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. கேம் செய்யும் நிறுவனங்களுக்குள்ளும் கதை இதுதான். சம்பளத்திலும் பதவியிலும் பாகுபாடு, தொல்லை என்று பெண் ஊழியர்கள் போட்ட வழக்கில் ரயட் கேம்ஸ் 2021 டிசம்பரில் 10 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது.

சரி, உன் அலமாரிக்கு வருவோம். அதில் 1988-ல் வந்த, பேட்மேனின் எதிரி ஜோக்கர் வரும் அந்தக் காமிக்ஸ் கதை (தி கில்லிங் ஜோக்) இருக்கிறதே, பிறந்தநாளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எடுத்துத் திரும்பப் படி. பார்பரா கார்டன் வாசல் கதவைத் திறக்கிறாள், ஜோக்கர் சுடுகிறான், அவள் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போகிறாள். எதற்காக? அவள் அப்பாவைப் பைத்தியமாக்க. மிச்சக் கதை முழுக்க அப்பாவின் வலி, பேட்மேனின் கோபம். இத்தனை வருஷம் சாகசம் செய்த பேட்கேர்ள் அவள், ஆனால் அவளுக்கு நடந்ததைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கதை ஒரு பக்கம்கூட நின்று கேட்கவில்லை. 1994-ல் கிரீன் லான்டர்ன் காமிக்ஸின் 54-ம் இதழில் ஹீரோ வீட்டுக்கு வருகிறான், அவன் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறார்கள். கெய்ல் சிமோன் என்ற வாசகி, அப்போது முடிதிருத்தும் தொழிலில் இருந்தவர், காமிக்ஸில் இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண்களை எல்லாம் 1999-ல் பட்டியல் போட்டார். பட்டியல் நீண்டுகொண்டே போனது. பின்னால் அவரே காமிக்ஸ் எழுத வந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தையே கண்காணிக்கும் ஆரக்கிளாக பார்பராவை ஏற்கெனவே கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ராண்டரும் மாற்றியிருந்தார்கள். அந்த பார்பராவின் கதைகளைப் பல வருஷம் எழுதியது, பட்டியல் போட்ட அதே கெய்ல் சிமோன்தான்.

எனக்குக் காமிக்ஸ் பிடித்ததே ஒரு பெண்ணால்தான். மாமா வீட்டுப் பரணில் இருந்த லயன் காமிக்ஸ் கட்டு ஞாபகம் இருக்கிறதா? 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் வரத் தொடங்கியபோது முதல் இதழிலேயே மாடஸ்டி என்ற சாகசக்காரிதான் நாயகி. அவளுக்காகத்தான் நான் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி அலைந்தேன். "பாப்பா, கோலப் புத்தகம் அந்தப் பக்கம் இருக்கு" என்று ஒரு கடையில் சொன்னபோது எனக்குப் பதினோரு வயது.

பேசாமல் இருந்தது பற்றித்தானே ஆரம்பித்தேன். பேசியவர்கள் கதை ஒன்றும் சொல்கிறேன். பிரான்ஸில் அங்கூலேம் என்ற ஊரில் பெரிய காமிக்ஸ் விழா நடக்கும். 2016-ல் அதன் உயரிய விருதுக்கு 30 பேரைப் பரிந்துரைத்தார்கள். ஒரு பெண்கூட இல்லை. அதுவரை அந்த விருதை முழுதாகப் பெற்ற பெண் ஃப்ளோரன்ஸ் செஸ்தாக் ஒருவர்தான், 2000-ல். பெண் ஓவியர்கள் விழாவைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அப்போது பட்டியலில் இருந்த ரியாத் சத்தூஃப், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். டேனியல் க்ளோவ்ஸ் உட்பட இன்னும் பலர் அதையே செய்தார்கள். விழாக்காரர்கள் முதலில் வரலாறு அது இது என்று சமாதானம் சொன்னார்கள், கடைசியில் பட்டியலையே கைவிட்டார்கள். 2019-ல் ருமிகோ தகாஹாஷிக்கும் 2022-ல் ஜூலி தூசேவுக்கும் அந்த விருது கிடைத்தது. சத்தூஃப் அன்று யாரோடும் சண்டை போடவில்லை. தனக்கு வந்த மரியாதையை வேண்டாம் என்று சொன்னார், அவ்வளவுதான்.

உன்னிடம் நான் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. நண்பர்களோடு பெரிய சண்டை எதுவும் போட வேண்டாம், அவர்களுக்குப் பாடம் நடத்தவும் வேண்டாம். அன்று அவள் "ஏ சைட்ல ரெண்டு பேர்" என்றபோது, "சரி, நான் ஏ வர்றேன், நீ பின்னாடி பாத்துக்கோ" என்று நீ பதில் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் நீ சொல்கிற பதில்தானே அது. அதற்கு மேலும் அவர்கள் பேசினால், "டேய், கேமை ஆடு, அவளைப் பேச விடு" என்று ஒரு தடவை. உன் குரலுக்கு அந்த அணியில் மரியாதை இருக்கிறது, நீ சொன்னால் அவர்கள் கேட்பார்கள், அதை நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது நான் ஆடி. கை எப்படி வரும் என்று தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன், உன் அணியில் ஐந்தாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள். அதற்குள் அந்த ஹெட்செட்டைச் சரி பண்ணி வை. மைக் வேலை செய்கிறதா என்றும் பார்த்து வை, நான் பேசிக்கொண்டுதான் ஆடுவேன்.

அன்புடன்,
அக்கா