ஏற்றமே இல்லாத ஊரில் என்ன சைக்கிள் ஓட்டுவது என்று கேட்ட யாழினிக்கு

அன்புள்ள யாழினி,

சித்தப்பா எழுதுகிறேன். போனில் பேசும்போது, “டெல்டாவில் என்ன சித்தப்பா இருக்கு, ஒரு ஏற்றம்கூடக் கிடையாதே” என்றாய். வாட்ஸப்பில் பதில் போட ஆரம்பித்தேன், அது வளர்ந்துகொண்டே போயிற்று. சரி, இங்கேயே எழுதிவிடலாம், உன்னோடு நந்தி மலை ஏறுகிற பெங்களூர்க் கூட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் உதவட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏற்றம் இல்லை என்பது உண்மைதான். கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரம். இங்கிருந்து தரங்கம்பாடிக் கடற்கரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார், கிலோமீட்டருக்கு ஒரு முழம்கூட இறக்கம் வராது. அந்த முழத்துக்கும் குறைந்த சரிவை நம்பித்தான் இத்தனை ஆறும் வாய்க்காலும் கடைசி வயல் வரை தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ரோடும் அதே சரிவில்தான் போகிறது. வயல் மட்டத்திலிருந்து ஆற்றங்கரைமேல் ஏறும் இடமும் பாலங்களும்தான் உனக்குக் கிடைக்கப்போகும் ஏற்றம். நாலு மிதியில் முடிந்துவிடும்.

அதற்காகச் சுலபம் என்று நினைத்துவிடாதே. மலை இல்லாத ஊரில் காற்றுதான் மலை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று திருச்சி, தஞ்சாவூரெல்லாம் தாண்டி எங்கள் ஊர் வரை வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டி சொல்லும்போது சிரிப்பாயே, அந்தக் காற்றுக்கு எதிரே பாபநாசம் வரை மிதித்துப் பார், அப்புறம் சிரிப்பு வராது. அதனால் இங்கே சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத் திசைதான் முதல் பாடம். ஆடியில் கிழக்கே போக வேண்டும், காற்று முதுகில் தள்ளும். மார்கழி, தையில் வாடைக்காற்று கடல் பக்கமிருந்து வரும், அப்போது தரங்கம்பாடியில் கிளம்பி மேற்கே வர வேண்டும். ஆடியிலும் மத்தியானத்துக்கு மேல் கடலோரத்தில் கடற்காற்று எதிரே வரத் தொடங்கும், அதற்குள் தரங்கம்பாடிக் கோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது.

நான் உன்னை ஆடியில் வரச் சொல்வதற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்திருந்தால், பதினெட்டாம் பெருக்கு சமயத்தில் ஆறுகளில் தண்ணீர் ஓடும். நாற்றங்கால் பச்சை ஒரு பக்கம், நடவு ஒரு பக்கம். வறண்ட ஆற்றின் கரையில் ஓட்டுவதும் தண்ணீர் ஓடும் ஆற்றின் கரையில் ஓட்டுவதும் ஒன்றல்ல, வெயிலிலேயே வித்தியாசம் தெரியும்.

200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய பிஆர்எம் என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டமெல்லாம் ஓட்டுகிறவள் நீ. இந்த 70 கிலோமீட்டர் உனக்குக் காலை டிபனுக்குள் முடிகிற வேலை. அப்படி முடித்தால் நீ வந்ததற்கு அர்த்தமே இல்லை. இங்கே அஞ்சாறு கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு கதை. வேகம் குறித்துவைக்கிற ஸ்ட்ராவா ஆப்பில் உன் சராசரி வேகம் கேவலமாக வரும். வரட்டும்.

முதல் நாள் சாயங்காலம் தாராசுரம் போய்வா, நாலு கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முன்மண்டபமே சக்கரமும் குதிரையும் வைத்த தேர்தான். சக்கரத்தோடு படம் எடுத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு திரும்பிவிடாதே. கருவறைச் சுவரை ஒட்டி, கீழே குனிந்து பார்த்தால்தான் தெரிகிற உயரத்தில், அறுபத்து மூவர் கதையைச் சின்னச் சின்னச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலேயே போகிறார்கள். மத்தியானம் போனால் கல் தரை சுடும், பெடலில் மாட்டுகிற உன் கிளீட் ஷூவைக் கழற்றிவிட்டுத் தத்தளிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, சைக்கிள் டிராயரோடு கோயிலுக்குள் போகாதே. பையில் ஒரு மெல்லிய வேட்டியோ பாவாடையோ சுருட்டி வைத்துக்கொள்.

மறுநாள் விடியக்காலையில் கிளம்பு. மயிலாடுதுறை மெயின் ரோட்டில் பஸ்காரர்கள் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி போவார்கள், ஏழு மணிக்கு மேல் அங்கே இருக்காதே. முடிந்த இடத்திலெல்லாம் ஆற்றங்கரை ரோட்டைப் பிடி. அது நேராகப் போகாது, ஆறு வளைந்தால் தானும் வளையும். ஒரு பக்கம் மூங்கில் கொத்தும் படித்துறையும், இன்னொரு பக்கம் பத்தடி கீழே வயல். திருப்பங்களில் எதிரே வருவது தெரியாது, மணியை அடித்துக்கொண்டே போ. உன் சைக்கிளில் மணி இல்லை என்று தெரியும், ஒன்று வாங்கி மாட்டு. நடவு சமயம் என்பதால் சேற்றுழவுக்கு இரும்புச் சக்கரம் மாட்டிய கேஜ்வீல் டிராக்டர் வயலிலிருந்து ஏறும் இடத்தில் ரோடெல்லாம் சேற்றுக் கட்டி கிடக்கும், அங்கே பிரேக்கை அழுத்திப் பிடிக்காதே. புரட்டாசியில் வந்தால் குறுவை நெல்லைப் பாதி ரோட்டில் காயப்போட்டு, ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். பங்குனியில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளைப் போரடிக்க வைப்பார்கள். அந்தக் கொடி உன் பின் கியரில் சுற்றிக்கொண்டால் அரைமணி நேரம் உட்கார்ந்து பிய்க்க வேண்டியதுதான். அவர்களைத் திட்டாதே. களம் இருக்கிற ஊரே குறைந்துவிட்டது.

திருபுவனத்தில் பட்டு நெசவாளர் தெருக்களுக்குள் உருட்டிக்கொண்டே போ. வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தால் இறங்கி நடந்து போக வேண்டும், நூல்மேல் சக்கரம் ஏற்றிவிடாதே. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலும் அங்கேயே இருக்கிறது, தஞ்சாவூரை நினைவுபடுத்தும் விமானம். ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம். ஏடிடி என்று தொடங்கும் நெல் ரகங்களெல்லாம் இந்த ஊர்ப் பெயரில் வந்தவைதான். உள்ளே போக வேண்டாம், டீ குடித்துவிட்டு நகரு.

நேரத்தை நரசிங்கம்பேட்டைக்கு மிச்சம் பிடி. ஆடுதுறை தாண்டினதும் வருகிற சின்ன ஊர், வேகமாகப் போனால் தவறவிட்டுவிடுவாய். நாகஸ்வரம் செய்கிற ஊர் இது. ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். பச்சை மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற தூணும் உத்தரமும்தான் தேடி வாங்கி வருவார்கள், எத்தனையோ வருஷம் காய்ந்து ஈரம் செத்த மரமாக இருக்க வேண்டும். அதை அறுத்து, கடைசலில் உருட்டி, உள்ளே நீளக் கம்பி விட்டுக் குடைவார்கள். துளை மேலே குறுகியும் கீழே அகன்றும் வர வேண்டும், அதில் மயிரிழை பிசகினாலும் சுருதி நிற்காது. விரல் வைக்கும் ஏழு துளைகளையும் போட்ட பிறகு வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் செருகி ஊதிப் பார்த்து, கொஞ்சம் அரத்தால் ராவி, திரும்பவும் ஊதிப் பார்ப்பார்கள். பட்டறை வாசலில் பேச்சுக் கொடுத்தால் காட்டுவார்கள், வேலை நேரத்தைத் தின்றுவிடாதே. பக்கத்தில் திருவாவடுதுறை. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை ஊர். அவர் கையில்தான் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிற பாரி வகை நாகஸ்வரம் ஊரெங்கும் பரவியது, அதை உருவாக்கிக் கொடுத்தது இந்த நரசிங்கம்பேட்டைப் பட்டறை. ஆதீனத்தின் மடமும் அங்கேதான், உ.வே.சா. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட இடம். நெடுஞ்சாலைப் பலகையில் இது எதுவும் எழுதியிருக்காது.

மயிலாடுதுறைக்குள் டிராபிக்தான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. பாலத்தில் மட்டும் நின்று காவிரியைப் பார். கடலை நெருங்க நெருங்க ஆறு அகலம் கூடும் என்றுதானே நினைப்போம், இங்கே அது சுருங்கிக்கொண்டே வரும். இருந்த தண்ணீரையெல்லாம் அரசலாறு, வீரசோழன் என்று வழியிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டு வருகிறது.

அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர். ஒருகாலத்தில் இந்தப் பக்கம் தரங்கம்பாடி வரை மீட்டர்கேஜ் ரயில் ஓடியது, எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம், வேன்கள் குறுக்கும் நெடுக்கும் நிற்கும். உன் சித்தி அங்கே இரண்டாவது தடவை தாலி கட்டிக்கொண்ட கதையை அவளையே கேள்.

தரங்கம்பாடியில் நகர வாசல் வளைவைத் தாண்டி உள்ளே போனால் சத்தமே அடங்கிவிடும். டென்மார்க்காரர்கள் 1620இல் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் வந்த பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அடித்தார். 1718இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் கோயிலிலேயே அவர் கல்லறையும் இருக்கிறது. எல்லாரும் கோட்டை வாசலில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். நீ கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போ. குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், கோட்டைக்கு முந்நூறு வருஷம் மூத்தது. அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது.

அப்புறம், சாமான்கள். உன் டயர் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால் 28ஆவது போட்டுக்கொள், 32 என்றால் இன்னும் நல்லது. கரை ரோட்டில் கருவேல முள் உண்டு. பஞ்சர் கடை எல்லா ஊரிலும் இருக்கும், ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது வால்டியூப் போட்ட ட்யூப்தான். உன் பிரஸ்டா வால்வுக்கு அவர்கள் பம்பு சேராது. அடாப்டர் ஒன்றும் மாற்று ட்யூப் இரண்டும் எடுத்து வா. கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறக்கும், அதற்கேற்ப நிறுத்தங்களை மாற்றிக்கொள்.

திரும்பும்போது எதிர்க்காற்றில் மிதித்து வர வேண்டாம். பொறையாரில் எனக்குத் தெரிந்த குட்டியானைக்காரர் ஒருவர் இருக்கிறார், நாலு சைக்கிள் வரை படுக்கவைத்துக் கட்டிக் கொண்டுவந்துவிடுவார். உன்னோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடு. நாலு சைக்கிளுக்கு மேல் என்றால் இன்னொரு வண்டி பார்க்க வேண்டும், சித்தியும் இட்லிக்கு எவ்வளவு ஊறப்போடுவது என்று கேட்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா
கும்பகோணம்