பேச்சாளரை வாசலில் மறித்த கிளப்பும், சாப்பிடாத சாப்பாட்டுக்கு வந்த பில்லும்

கிளிநொச்சி

முகாமையாளர் அவர்களுக்கு,
உறுப்பினர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், கொழும்பு.

விடயம்: கிளிநொச்சிக் கிளையின் பேச்சாளர் மாலைகள் தொடர்பான முறைப்பாடு

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

நான் உங்கள் கிளிநொச்சிக் கிளையில் குடும்ப உறுப்புரிமை பெற்றிருப்பவன். ஏ9 வீதியில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கிளை முகாமையாளரிடம் இதை நேரில் சொன்னபோது, "எங்கட கையில ஒண்டும் இல்லை, மேலிடத்துக்கு எழுதுங்கோ" என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஆண்டுச் சந்தா 60,000 ரூபா. அதை நீச்சல் தடாகத்துக்காகவோ பாருக்காகவோ நான் கட்டவில்லை. உங்கள் துண்டுப்பிரசுரத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: மாதந்தோறும் பேச்சாளர் மாலை, உறுப்பினர்களுக்கு இலவசம், தேநீர் வழங்கப்படும். அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். இங்கே கடை பூட்டிய பிறகு குடும்பத்தோடு போயிருந்து, விசயம் தெரிந்த ஒருவர் பேசுவதைக் கேட்டு, கேள்வியும் கேட்டுவிட்டு வர இடம் குறைவு. கோயில் திருவிழா, கலியாண வீடு, செத்த வீடு, இவ்வளவுதான் எங்கள் ஒன்றுகூடல். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய விசயமாகப் படாமல் இருக்கலாம்.

சென்ற மாதப் பேச்சாளரை நான்தான் பரிந்துரைத்தேன். உறுப்பினர்களிடம் பெயர் கேட்டு உங்கள் கிளைதான் வட்ஸ்அப்பில் செய்தி போட்டது. நீர்ப்பாசனத்தில் வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது வட்டக்கச்சியில் வயல் செய்யும் ஒரு பெரியவர். எங்கள் இரணைமடுக் குளத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் போதும், கனகராயன் ஆறு எங்கே தொடங்குகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். "நான் உந்த இடங்களுக்கெல்லாம் வாறதில்லைத் தம்பி" என்று தயங்கியவரை, "எங்கட ஆக்கள்தான் ஐயா, வாங்கோ" என்று நான் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

வந்தவரை வாசலில் மறித்தார்கள். காரணம், அவர் வேட்டி கட்டியிருந்தார்.

காவல் கடமையில் நின்ற பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. "கோவிக்காதேங்கோ ஐயா, ஓடர் இப்பிடி" என்று பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு தாளைக் காட்டினான். காற்சட்டையும் காலர் வைத்த சேர்ட்டும் கட்டாயம், சாரம், வேட்டி, செருப்பு அனுமதி இல்லை என்று அதில் இருந்தது. உள்ளேயிருந்து வந்த கடமை அதிகாரி அதற்கு ஒரு தீர்வும் சொன்னார்: வெயிற்றர் ஒருவரின் கறுப்புக் காற்சட்டை ஒன்று தோய்த்து வைத்திருக்கிறதாம், ஐயா மாற்றிக்கொள்ளலாமாம். எழுபது வயது தாண்டிய மனிதரிடம், அதுவும் அந்த மாலையின் பேச்சாளரிடம் இப்படிக் கேட்டார்கள். உறுப்பினர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே வந்து சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

நுவரெலியாவில் 1876இல் வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்பார்கள். அந்தக் குளிருக்கும் அந்தத் துரைமாருக்கும் அது சரி. கிளிநொச்சி வெக்கையில் யாருக்காக இந்த விதி? சென்னைச் சேப்பாக்கத்தில் 2014இல் ஒரு கிரிக்கெட் சங்கக் கிளப், புத்தக வெளியீட்டுக்கு வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே திருப்பி அனுப்பியது. அதே வருடம் தமிழ்நாட்டுச் சட்டசபை வேட்டிக்குத் தடை போட முடியாதபடி சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பத்து வருடத்துக்கு முன் அங்கே நாறிப்போன ஒரு விதியை இங்கே உறை போட்டு வைத்திருப்பதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டும்.

உள்ளே போனால் மண்டபத்தில் பாதியைக் காணோம். மடிப்புத் தடுப்பை இழுத்துவிட்டு, மறுபக்கத்தை ஏதோ ஒரு நிறுவனத்தின் இரவு விருந்துக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தீர்கள். புரொஜெக்ரரும் அங்கே போய்விட்டது. நல்ல மைக்கும் அங்கேதான். பேச்சாளர் தன் கைப்பட வரைந்த வரைபடம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆறு நீல மையில், மேலே உள்ள சின்னக் குளங்கள் பச்சையில், வாய்க்கால்கள் சிவப்பில். மாட்ட இடமில்லாமல் இரண்டு உறுப்பினர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படி இருந்தும் மனிதர் அசரவில்லை. மேலே ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்கு எப்படிப் போகிறது, இடையில் ஒன்று உடைந்தால் கீழே என்ன நடக்கும் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். என் மகன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு விவசாயிகள் ஏன் எதிர்ப்புச் சொன்னார்கள், அந்தக் கதை கடைசியில் 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்ததுவரை எப்படி வந்தது என்று சொன்னார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் குறுக்கே கேள்வி கேட்டார், இவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். இப்படி இரண்டு பக்கத்தாரும் முகம் பார்த்துக் கதைப்பதற்குத்தான் நாங்கள் வருகிறோம். அப்புறம் 2018 டிசம்பர் வெள்ளத்துக்கு வந்தார். வான்கதவுகளை எப்போது திறந்தார்கள், எப்போது திறந்திருக்க வேண்டும் என்பது விசாரணைக் குழுவரை போன விசயம். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அங்கே இருந்தவர்களில் அன்று வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களும் இருந்தார்கள்.

சரியாக அந்த இடத்தில் உங்கள் ஊழியர் ஒருவர் மேடைக்குப் போய் ஒரு துண்டை நீட்டினார். பிறகு அதை நான் வாங்கிப் பார்த்தேன். கிளப்பின் பெயர் அச்சடித்த தாளில் பேனாவால்: "5 நிமிடத்தில் முடிக்கவும். பஃபே ரெடி." பேச்சு தொடங்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பன்னங்கண்டியிலிருந்து வந்த ஒரு அக்கா கேள்வி கேட்க எழும்பினார். மைக்கை நிறுத்திவிட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் டீஜே பாட்டுப் போடத் தொடங்கியது. பேச்சாளர் வரைபடத்தைச் சுருட்டினார்.

அவரைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன வான், விருந்துக்காரரை ஏற்றப் போய்விட்டது. நானும் மனைவியும் மகனும் சாப்பிடாமலே கிளம்பி, அவரை வட்டக்கச்சியில் விட்டுவிட்டு வந்தோம். வழியில் அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து என் கணக்கில் இரவுச் சாப்பாட்டுக்குப் பில். ஆளுக்கு 3,500 ரூபா, அதற்கு மேல் சேவைக் கட்டணம், வற். "பேச்சாளர் மாலைக்கு வந்தால் பஃபே கட்டாயம்" என்பது புதிய விதியாம். எங்கே அறிவித்தீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. சாப்பிட்டவரிடம் வாங்குங்கள், கோப்பையைத் தொடாதவரிடம் எப்படி வாங்குவீர்கள்?

இது ஒரு நாள் தவறுதலாக நடந்தது என்று நினைக்கவும் வழியில்லை. இந்த மாதம் ஒரு ஆசிரியர் 1803இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் வெள்ளையரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது பற்றியும், பிறகு அவன் தோற்றதைக் குறிக்கும் கற்சிலைமடுக் கல்லைப் பற்றியும் பேச இருந்தார். நாள் போயாவில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், விழுந்ததால் நிகழ்ச்சியை ரத்துச் செய்துவிட்டீர்கள். வந்த செய்தியில் காரணமும் இருந்தது: அன்று பார் இயங்காது. போயாவில் மது விற்கக் கூடாது என்பதுதான் சட்டம், சரித்திரம் பேசக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. பேச்சாளர் மாலை யாருக்காக நடக்கிறது என்பதை இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நடந்த பொங்கல் ஒன்றுகூடலில் ஒரு குறையும் இல்லை. முற்றத்தில் பானை வைத்தார்கள், பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள், யாரும் யாரின் உடுப்பையும் பார்க்கவில்லை. அதே ஊழியர்கள்தான். ஆகவே குறை அவர்களில் இல்லை, மேலேயிருந்து வரும் கட்டளையில்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தப் பேச்சாளருக்கு உங்கள் அலுவலகம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், கிளை முகாமையாளர் அதை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேட்டி, சாரத் தடையை எடுக்க வேண்டும். எங்கள் சாப்பாட்டுப் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அவர் சம்மதித்தால், அதே பேச்சை முழு மண்டபத்தில், கேள்வி நேரத்தோடு மீண்டும் நடத்த வேண்டும். பேச்சாளர் மாலைகளைத் தொடர்ந்து நடத்த உங்களால் முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள், மிச்ச மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள், விலகிக்கொள்கிறேன்.

துண்டுப்பிரசுரம், பில், அந்தத் துண்டு, ரத்துச் செய்தி ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதம் அந்த அதிகாரசபைக்குப் போகும். பதில் எழுத்தில், தமிழில் வேண்டும். தொலைபேசியில் சமாதானம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
குடும்ப உறுப்புரிமை பெற்ற உறுப்பினர்,
கிளிநொச்சிக் கிளை