மாறனுக்கு: டர்போவா, சூப்பர்சார்ஜரா?

அன்புள்ள மாறா,

நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்ஜினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளித் திறனைக் கூட்ட டர்போ போடலாமா, சூப்பர்சார்ஜர் போடலாமா என்று கேட்டிருந்த உன் கடிதத்துக்கு இத்தனை காலம் பதில் எழுதாததற்காக நீ என்னைத் திட்டியிருப்பாய். திட்டு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் நீ அந்தப் பெரிய டர்போவுக்கு முன்பணம் கட்டப் போகிறாய் என்று நம் நண்பன் கணக்குப்புலி தொலைபேசியில் சொன்ன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நானூறு குதிரைத்திறன்" என்று அவன் சொன்னபோது எனக்கு உன் குரலே கேட்டது. மொபெட்டின் சைலன்சரை அறுத்துவிட்டு 'வேகம் கூடிவிட்டது' என்று எங்களை நம்பவைக்கப் பார்த்தவன் வேறு எந்த எண்ணைச் சொல்வான்?

முதலில் உன் இன்ஜினைப் பார். உன் டொயோட்டா 86-இல் இருப்பது டர்போவுக்கென்று வடிவமைக்கப்பட்ட இன்ஜின் அன்று. தானாகவே காற்றை இழுத்து, நிமிடத்துக்கு 7,000 சுழற்சி வரை சளைக்காமல் ஏறி, 2 லிட்டரில் 200 குதிரைத்திறன் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதனால்தான் அதன் கம்ப்ரஷன் விகிதம் 12.5. சிலிண்டருக்குள் பன்னிரண்டரை மடங்கு நெருக்கப்படப் போகும் காற்றை, உள்ளே போவதற்கு முன்பே ஒருமுறை நெருக்கி அனுப்புவதுதான் உன் திட்டம். இருமடங்கு திறன் வேண்டுமென்றால் ஏறக்குறைய இருமடங்கு காற்று வேண்டும். அதாவது வளிமண்டலம் தரும் 14.7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்துக்கு மேல் குறைந்தது இன்னொரு 14.7 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம். அந்த இன்ஜினை, உள்பாகங்கள் எதையும் மாற்றாமல், சாதாரண பெட்ரோலில் அந்த அழுத்தத்துக்கு ஓட்டினால், ஸ்பார்க் பிளக் பற்றவைப்பதற்கு முன்பும் பின்பும் கலவை தன் விருப்பத்துக்கு வெடிக்கும். நாக்கிங் என்னும் இந்தத் தாறுமாறான வெடிப்பு தொடங்கிவிட்டால் பிஸ்டனின் விளிம்பு உடைவதற்கு நெடுநேரம் ஆகாது.

"அப்படியானால் 7 பிஎஸ்ஐ போதும்" என்பாய். நல்ல எண்தான், ஆனால் அதற்குள்ளும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, இதைப் பொறுமையாகப் படி. காகிதத்தில் 7 பிஎஸ்ஐ என்றால் 48 சதவீதம் கூடுதல் காற்று. ஆனால் நெருக்கினால் காற்று சூடாகும். 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து வெளிவரும்போது 80 டிகிரியாகிவிடும். சூடான காற்று விரிந்துவிடுவதால், அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் அந்த 48 சதவீதம் 26 ஆகச் சுருங்கிப்போகும். போதாததற்கு அந்தச் சூடே நாக்கிங்கையும் அழைத்து வரும். ஆகவே எதை வாங்கினாலும் இன்டர்கூலரில் சிக்கனம் பார்க்காதே. விளம்பரத்தில் பூஸ்ட் அளவைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். காற்று எத்தனை டிகிரியில் இன்ஜினுக்குள் போகிறது என்பதை எங்கும் போடமாட்டார்கள். நீ கேட்க வேண்டியது அதைத்தான்.

இனி டர்போவா, சூப்பர்சார்ஜரா என்ற வழக்குக்கு வருகிறேன். டர்போவைச் சுழற்றுவது எக்ஸாஸ்ட் வாயு, சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது இன்ஜினோடு ஓடும் பெல்ட். ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூஷி 1905-இல் எக்ஸாஸ்ட் வாயுவைக் கொண்டு காற்றை அழுத்தும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து, டர்போவின் ஆதரவாளர்கள் எல்லாரும் "வீணாகப் போகும் ஆற்றலைத்தானே எடுக்கிறோம், இலவசம்" என்றுதான் வாதாடுகிறார்கள். முழுக்க இலவசம் இல்லை; டர்போவைச் சுழற்றும் சக்கரமான டர்பைனின் வழியாக நெருக்கியடித்து வெளியேறும் வாயு, எக்ஸாஸ்ட் பக்கத்தில் எதிரழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆனாலும் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கிலிருந்து பெல்ட் போட்டு ஆற்றலைப் பிடுங்கும் சூப்பர்சார்ஜரைவிட அது சிக்கனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எரிபொருள் செலவும் உச்சத் திறனும் மட்டுமே கேள்வி என்றால் டர்போதான் விடை; இந்தக் கடிதத்தையும் இந்த வரியோடு முடித்திருப்பேன்.

உன் கேள்வி அதுவன்று. நீயே எழுதியிருந்தாயே, 3,500 சுழற்சியைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்குகிறது, வளைவிலிருந்து வெளியே வரும்போது அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன் என்று. அந்த இன்ஜினின் முறுக்கு விசைக் கோட்டில் 4,000-ஐ ஒட்டி ஒரு பள்ளம் இருப்பது அதை ஓட்டியவர்கள் எல்லாருக்கும் தெரியும். உன் நோய் அந்தப் பள்ளம். நீ மருந்து தேடிக்கொண்டிருப்பதோ 7,000 சுழற்சிக்கு.

விசிறிபோல் சுழன்று காற்றை வீசித் தள்ளும் மையவிலக்கு சூப்பர்சார்ஜரை எடுத்துக்கொள். பொருத்துவது எளிது, சூடும் குறைவு, நம் மெக்கானிக் எண்ணெய்ச் சட்டைக்காரருக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் அதன் அழுத்தம் சுழற்சியின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும்; 7,000-இல் 7 பிஎஸ்ஐ தருகிற கருவி 3,500-இல் இரண்டுகூடத் தராது. பள்ளம் பள்ளமாகவே இருக்கும், மலை மட்டும் உயரமாகும். ஒரு நன்மை இருக்கிறது: அது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளிடம் கருணையோடு நடந்துகொள்ளும். ராடை வளைப்பது குதிரைத்திறன் அன்று, முறுக்கு விசை. 300 குதிரைத்திறன் 7,000 சுழற்சியில் கிடைத்தால் முறுக்கு விசை சுமார் 300 நியூட்டன் மீட்டர். அதே 300 உனக்கு 5,000-இலேயே கிடைத்தால் அது 420. சின்ன டர்போவைப் போட்டு, பூஸ்ட் அளவுமீறாதபடி வாயுவைத் திறந்துவிடும் வேஸ்ட்கேட்டை இறுக்கிவைத்து, கீழிருந்தே முழு பூஸ்ட் வாங்குகிறவர்களின் ராடுகள் வளைவது இதனால்தான். டைனோ (வண்டியின் திறனை அளக்கும் கருவி) தரும் தாளில் உச்சத் திறனைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், முறுக்கு விசை எந்தச் சுழற்சியில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்.

மூன்றாவது, இரண்டு திருகுகள் சுழன்று காற்றைத் தள்ளும் இரட்டைத் திருகு வகை சூப்பர்சார்ஜர். ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல், கார் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே காப்புரிமை பெற்ற அந்த ஊதுகருவியின் தூரத்து உறவு. ஆனால் காற்றைத் தனக்குள்ளேயே நெருக்கி அனுப்புவதால் அதைவிடத் திறன் மிகுந்தது. கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை காற்று என்று அளந்து தள்ளுவதால், 2,500-இலிருந்தே பூஸ்ட் ஏறக்குறைய முழுமையாக இருக்கும். 6 அல்லது 7 பிஎஸ்ஐ-யில் நிறுத்திக்கொண்டால் பள்ளம் நிரம்பிவிடும், உச்சத்தில் பேராசையும் இருக்காது. என் ஓட்டு இதற்குத்தான்.

சிரித்துக்கொண்டே படித்தது போதும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. பூஸ்ட் எப்போது வரும் என்பது வசதியைப் பற்றிய விஷயம் மட்டும் அன்று. 1975-இல் வெளிவந்த போர்ஷே 911 டர்போவுக்கு 'விதவையாக்கும் வண்டி' என்று பெயர் வந்த கதையை நீதான் எனக்குச் சொன்னாய். ஓட்டுகிறவன் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதிப்பான், ஒன்றும் நடக்காது, இன்னும் மிதிப்பான், அதற்குள் டர்பைன் விழித்துக்கொள்ளும், பின்சக்கரங்கள் பிடி விட்டுவிடும், பயந்துபோய்க் காலை எடுப்பான், அது இன்னும் மோசம். இன்றைய டர்போக்கள் எவ்வளவோ திருந்திவிட்டன என்பது உண்மைதான். ஆனால் உனக்கு விலை சொல்லியிருப்பது 400 குதிரைத்திறனுக்கான பெரிய டர்போ, வண்டியோ பின்சக்கரங்களால் இயங்கும் இலகுவான வண்டி, நீ ஓட்டுவது ஈரமான மலைப்பாதை, பக்கத்து இருக்கையில் பல நேரம் உன் மகள். பெல்ட்டில் ஓடும் கருவியில் மிதித்த அளவுக்கு, மிதித்த கணத்தில் விசை வரும். எனக்கு அது போதும்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். லான்சியா 1985-இல் டெல்டா எஸ்4-இல் போட்டது, ஃபோக்ஸ்வாகன் 2005-இல் கோல்ஃபின் 1.4 லிட்டர் இன்ஜினில் போட்டது. ஒரு பொறியாளர் படையே அவற்றின் பின்னால் இருந்தது. உன் பின்னால் நானும் கணக்குப்புலியும்தான் இருக்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் டர்போதான் என்று பிடிவாதம் பிடித்தால், சின்னதாக, பால் பேரிங் வைத்ததாக எடு. இன்ஜினை ஆளும் கணினியான இசியுவில் பூஸ்ட்டைச் சுழற்சிக்கு ஏற்பக் கட்டுப்படுத்தி, 4,500 வரை அடக்கி வைக்கச் சொல். சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் உன் பாக்சர் இன்ஜினில் எக்ஸாஸ்ட் துளைகள் அடிப்பக்கம் இருப்பதால் டர்போவும் தாழ்வாக உட்கார வாய்ப்புண்டு. அப்போது எண்ணெய் தானாக வடிந்து இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பாது, அதை இழுக்கத் தனிப் பம்ப் வேண்டும். அந்தப் பம்ப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாயா?

எந்தக் கருவியானாலும், முழு பூஸ்ட்டில் காற்று எரிபொருள் விகிதம் 12-க்கு மேல் போகாதபடி டியூன் செய்யச் சொல். அதற்கு இன்ஜெக்டரும் எரிபொருள் பம்பும் தாங்குமா என்பதை முன்கூட்டியே கேள். கிளட்ச், பிரேக், ஆயில் கூலர் மூன்றுக்கும் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறதோ அதில் பூஸ்ட் வாங்கு. வண்டியை டைனோவில் இப்போதைய நிலையில் ஒருமுறை ஓட்டி, அந்தத் தாளை எனக்கு அனுப்பு. பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி எந்த அளவு என்று சொல்ல முடியும். முன்பணத்தை அதுவரை கையிலேயே வைத்திரு.

அன்புடன்,
உன் பழைய பின்னிருக்கைக்காரன்