ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பைபோலர் (மனச்சோர்வும் அளவுமீறிய வேகமும் மாறி மாறி வரும் மனநோய்) நோயாளிக்குத் தற்கொலை எண்ணம் இருப்பதை மூளை ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும் என்கிற மாதிரி உங்கள் சுகாதாரப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர், காதுத் தோட்டை அடகு வைத்தாவது இந்த நோயுள்ள தன் மகனைக் கண்டிக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆராய்ச்சி பொய்யில்லை. பைபோலர் உள்ள இளவயதினரில் தற்கொலைக்கு முயன்றவர்களையும் முயலாதவர்களையும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு ஒப்பிட்டு 2017இல் எழுதியது. உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலாவுக்கும் அதை அடக்கும் மூளையின் முன்பகுதிக்கும் இடையிலான தொடர்பு முயன்றவர்களிடம் பலவீனமாக இருந்ததாம். 2018இல் வந்த இன்னொன்றில், நோயுள்ளவர் இல்லாதவர் என்று 6,503 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) சில இடங்களில் மெலிந்திருந்தது, இந்த நோய்க்கான லித்தியம் மருந்தை எடுப்பவர்களிடம் மெலிவு குறைவு. சரி, ஆனால் இதெல்லாம் ஒரு கூட்டத்தின் சராசரி. ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து இவருக்கு ஆபத்து, இவருக்கு இல்லை என்று இன்றைக்கு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கட்டி கிட்டி என்று வேறு சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எழுதுவார்கள், அது வேறு கதை.

அந்தப் பையன் சோர்ந்து கிடந்தபோது மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இரவிரவாகத் தூங்காமல், கடனுக்கு ஃபோன் வாங்கி, கொழும்பில் கடை போடப்போவதாக ஓயாமல் பேசிக்கொண்டு திரிந்ததை டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை, பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டான் என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்! மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் பைபோலர் உள்ள சிலருக்கு அந்த வேகம் திரும்பக் கிளம்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், பழைய கதையைக் கேட்க ஒரு ஆள் போதும்.

லித்தியம் 1949இலிருந்து இந்த நோய்க்குக் கொடுக்கிற மருந்து. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டையும் விடாமல் பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியோடு முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனாலும் அன்றைக்குப் பேர் பதிய முடியாது, அதனால் ஒரு மாதம் தவறும், அப்புறம் மருந்தே நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் 'அங்கொடை கேஸ்' (அங்கொடை மனநல ஆஸ்பத்திரி ஆள்) என்ற பேச்சு வேறு. இதையெல்லாம் ஏன் யாரும் எழுதுவதில்லை?

சாக வேண்டும் போல இருக்கிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். வராது, கேட்கலாம். பொலிஸ் வருமே என்று ஆஸ்பத்திரியில் மறைக்கிறவர்களும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தை இலங்கையில் 1998இலேயே எடுத்துவிட்டார்கள்.

இனி இப்படிச் செய்தி போட்டால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும் கீழே போடுங்கள். அன்றைய செய்தியில் அது இல்லை.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகி