எண்ணோடு அதன் ஐயத்தையும் கேளுங்கள்: பிடி அளவை முடிவு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மீன்பிடி அளவை நிர்ணயிக்கும் பொறுப்பில் இருப்போருக்கு,

வணக்கம். இந்த மீனை இந்த ஆண்டு இத்தனை டன் பிடிக்கலாம் என்று ஓர் எண் உங்கள் மேசைக்கு வருகிறது. கடலில் மீன் எவ்வளவு இருக்கும் என்று கணித்துச் சொல்லும் கணக்குமுறையான கணினி மாதிரி தந்தது என்றதும் விவாதம் அடங்கிவிடுகிறது. அந்த எண் எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலின் காட் மீனை நினைத்துப் பாருங்கள். 1980-களில் அங்கே மீன் இருப்பைக் கணக்கிட்டவர்கள் இழுவலைக் கப்பல்களின் பிடியைப் பெரிதும் நம்பினார்கள். கப்பல்களுக்கு மீன் குறையவே இல்லை. எஞ்சிய மீன்கள் சில இடங்களில் திரண்டு நின்றன; கப்பல்கள் அந்தத் திரளைத் தேடிப் போய் வலை வீசின. கடல் காலியாகிக்கொண்டிருக்க, வலை நிறைந்தே வந்தது. கரையோர மீனவர்களோ மீன் சிறுத்துவிட்டது, வரத்து குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சொல் உரிய நேரத்தில் கணக்கில் ஏறவில்லை. 1992 ஜூலையில் தடை வந்தது. ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு என்று அறிவித்த தடை விலக 2024 ஆகிவிட்டது. கணினி தனக்குக் கொடுத்ததைத்தான் கணக்கிட்டது.

இதைச் சொல்வதால் மாதிரிகளைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கேட்பதாக எண்ணாதீர்கள். கண்ணால் எண்ண முடியாத உயிர்களை வேறு எப்படி அறிவது? 1980-களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளின் பவளத்திட்டு ஒன்றுக்காக ஆய்வாளர் ஜெஃப்ரி பொலோவினா உருவாக்கிய ‘ஈகோபாத்’ என்ற கணினி மாதிரி, யாரை யார் தின்கிறார்கள், எவ்வளவு தின்கிறார்கள் என்று உணவுவலை முழுவதையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தது. ஒரு மீனை மட்டும் பார்க்கும் கணக்குக்கு மத்தி என்றால் பிடிக்க வேண்டிய டன்கள். உணவுவலைக் கணக்கிலோ அதே மத்தி கடற்பறவைக்கும் சூரைக்கும் இரை. உங்கள் கூட்டங்களில் இந்த இரண்டாவது கணக்கும் பேசப்பட வேண்டும்.

கணினிக் கணக்கையும் மனிதர்களின் சொல்லையும் சேர்த்து முடிவெடுத்தது ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடந்தது. எந்தப் பகுதிகளைக் காத்தால் எல்லா வகை வாழிடங்களும் இடம்பெறும் என்று கணினி வழியே ஆராய்ந்தார்கள். மக்களிடமும் கருத்துக் கேட்டார்கள், 31,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த மீன்பிடியற்ற பகுதி 2004-இல் சுமார் 33 விழுக்காடாக உயர்ந்தது. கணினி வரைந்த வரைபடத்தை மனிதர்கள் திருத்தினார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

ஆகவே அடுத்த கூட்டத்தில், எண்ணைக் கொண்டுவருபவரிடம் சென்ற ஆண்டின் கணிப்பு எவ்வளவு தவறியது என்று முதலில் கேளுங்கள். தரவு எந்தக் கப்பல்களிலிருந்து வந்தது, எந்தக் கடற்பகுதி விடுபட்டது என்று கேளுங்கள். சிறு படகு மீனவர்கள் சொல்வது எண்ணோடு முரண்பட்டால், அந்த முரண்பாட்டுக்கு விளக்கம் கிடைக்கும்வரை, கணிப்பு தரும் வரம்பின் கீழ் எல்லையையே அனுமதியுங்கள். அந்தக் கணக்கையும் தரவையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அக்கறையுடன்,
கடலை நேசிக்கும் ஒருவர்