மூக்குத்தியும் பாதரசமும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

ஆறு மாதமாக எழுதவில்லை என்று திட்டுவதாக இருந்தால் இந்த வரியோடு திட்டி முடித்துவிடு. இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் வலி எனக்கு, கோபம் வழக்கம்போல வீட்டுக்காரிக்கு.

இந்த முறை கோபத்தில் நியாயம் உண்டு. போன வாரம் துவைக்கிற கல்லருகே அவள் மூக்குத்தி கழன்று சாக்கடையில் விழுந்துவிட்டது. அவள் அம்மா போட்டது. நான் நூலில் காந்தத்தைக் கட்டி இறக்கினேன். சிரிக்காதே. தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்று பேத்தி சொல்லித்தான் உறைத்தது. நானோ பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் வகுப்பு!

எதிர்வீட்டுக்காரர் ஓர் அம்மாவைக் கூட்டிவந்தார். டவுன்ஹால் பக்கத்து நகைப்பட்டறைச் சந்துகளில் விடியும் முன் கூட்டி, சாக்கடை மண்ணை அரித்துத் தங்கப்பொடி எடுப்பவர். இரண்டு வாளி சேறு அள்ளினார். முதலில் பெரிய கண் சல்லடை. முடிக்கற்றை, சோப்புத்துண்டு, என் சட்டைப் பொத்தான் எல்லாம் மேலே நின்றுவிட்டன. இறங்கியதை அகலத் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு, அரிசியில் கல் அரிப்பதுபோல் ஒரு சுழற்று, ஒரு சாய்ப்பு. சேறு போனது, பிறகு வெள்ளை மணல், கடைசியில் தட்டோரம் ஒரு பிடி கரும்பொடி. அதன் நடுவில் மூக்குத்தி! தண்ணீரைவிட மணல் 2.65 மடங்கு கனம், தங்கம் 19.3 மடங்கு. குண்டு வாத்தியார் உருப்போட வைத்த எண்கள்தான்.

"அந்தக் காந்தத்தைக் குடுங்க சார்" என்றார். காகிதத்தில் சுற்றிக் கரும்பொடி மேல் ஓட்டினார். மீசை முளைத்தது. காகிதத்தை உருவியதும் இரும்புத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. பட்டறை மண்ணில் அரத்தூளை இப்படித்தான் ஒதுக்குவாராம். வேண்டாததை எடுக்கக் காந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார்.

அப்புறம், கண்ணுக்குத் தெரியாத தூளுக்கு ரசம் போடுவார்களாம். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். துணியில் பிழிந்து, உருண்டையை அடுப்பில் காட்டினால் ரசம் புகையாகப் போய்விடும், தங்கம் நிற்கும். அந்த அடுப்பருகே இருபது வருஷம் உட்கார்ந்தவர் இவர் வீட்டுக்காரர். இப்போது டீ டம்ளரைப் பிடித்தால் பாதி சிந்துகிறதாம். "வயசாச்சுங்க" என்கிறார் இந்த அம்மா. அந்த மனுஷருக்கு 52தான் ஆகிறது, சண்முகம்.

நாம் ஆய்வகத்தில் வெப்பமானியை உடைத்து உள்ளங்கையில் உருட்டி விளையாடியது ஞாபகம் வந்தது. நீ டிபன் பாக்ஸில் வேறு ஒரு முத்தைப் போட்டு வைத்திருந்தாய், பாவி. ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை.

உன் மருமகள் நரம்பு டாக்டர்தானே? இந்த நடுக்கம் ரசத்தால் வந்ததா என்று எப்படிச் சோதிப்பார்கள், இங்கே யாரிடம் காட்டலாம் என்று கேட்டு உடனே எழுது. கூட்டிப்போவது என் பொறுப்பு. அந்தப் பழைய கைமாற்றுக் கணக்கை இதில் கழித்துக்கொள்கிறேன்.

உன்,
ராமு