இருட்டில் சிரித்தவருக்கு

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

மறைந்தவர்களும் இன்று நம்மிடையே இருப்பவர்களுமான நகைச்சுவைக் கலைஞர்களைக் கொண்டாடுவதற்காக நாம் ஏற்பாடு செய்திருந்த நான்கு மாலைகளில், மூன்றாம் மாலை எப்படித் தொடங்கியது, எந்தக் கதியில் முடிந்துபோயிருக்கக்கூடும் என்பதையெல்லாம் அன்று வந்திருந்தவர்கள் கண்ணாரக் கண்டீர்கள். வராதவர்களுக்கு வந்தவர்கள் இதற்குள் சொல்லியிருப்பீர்கள். நிகழ்ச்சியின் நடுவே திரையும் விளக்குகளும் அணைந்து, சேர்த்துவைத்த காட்சிப்பதிவுகளும் அழிந்துபோன மாலை அது. ஆகவே அந்தக் கதையை இங்கே மறுபடியும் விரிக்கப் போவதில்லை. அது நடந்து இரண்டு இரவுகளே ஆகின்றன. கை நடுக்கம் இன்னும் முழுவதும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடுமோ என்ற அச்சத்தில் இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றிக்கு உரியவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: சிரித்தார்.

அந்த நிமிடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். திரை அணைந்து, விளக்குகளும் அணைந்து, அரங்கில் நாற்காலிகள் நகரும் ஓசை எழத் தொடங்கியபோது நான் பக்கவாட்டிலிருந்து மேடைக்கு ஓடினேன். ஓடிய வேகத்தில் தரையில் கிடந்த வயர் காலில் சிக்கி, இடக்கால் செருப்பு எங்கோ பறந்து, அந்த வயரின் முனையிலிருந்த பிளக் எப்படியோ என் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. யாரோ ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தை நேராக என் மீது அடித்தார். அந்த வெளிச்சத்தில், ஒற்றைச் செருப்புடன், கையிலிருந்த பிளக்கைச் சில நொடிகள் உற்றுப் பார்த்துவிட்டு, பின்னால் இருண்டு கிடந்த திரையை நோக்கிக் கையை நீட்டி, மனப்பாடமாக இருந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன்: "அடுத்து நீங்கள் கண்டு களிக்கவிருப்பது…"

அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. அவை முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு மாதங்கள் அலைந்து சேர்த்தவை அனைத்தும் போய்விட்டன என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. ஏளனச் சிரிப்பு என்றால் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். இது அது அன்று. ஒருவர் அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் ஒருசேர வெளிவந்த, கடைசியில் ஒரு சிறு விக்கலில் முடிந்த முழுச் சிரிப்பு. அந்த விக்கலைக் கேட்டு அடுத்த வரிசை சிரித்தது. அதைக் கேட்டு முன்வரிசை சிரித்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று பாதிப் பேர் எண்ணிக்கொண்டதாகப் பிறகு அறிந்தேன்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது முதலில் சிரித்த அந்தப் பெண்மணியே என்னைத் தேடி வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். அந்த பிளக்கைப் பார்த்தீங்களே ஒரு பார்வை… நீங்க மட்டும் சிரிச்சிருந்தா நான் சிரிச்சிருக்க மாட்டேன்" என்றார். தாம் நிகழ்ச்சிக்கென்று வந்தவர் அல்லர் என்றும், தந்தையை அழைத்துப் போக வந்து நேரம் இருந்ததால் கடைசி வரிசையில் உட்கார்ந்ததாகவும் சொன்னார். தந்தை வாசலில் பொறுமையிழந்து நின்றுகொண்டிருந்ததால் பேச்சு அத்துடன் முடிந்தது. பெயரைக் கேட்கவில்லை என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது.

"நீங்கள் சிரித்திருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன்" என்று அவர் போகிறபோக்கில் சொன்னதை, அமெரிக்க மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டன் சிறு பையனாக இருக்கும்போதே கண்டுகொண்டிருந்தார். தாய் தந்தையருடன் மேடையேறி, தந்தையால் தூக்கி எறியப்பட்டு விழுந்து எழுவதையே தொழிலாகக் கொண்டிருந்த அந்தப் பிள்ளை, தான் சிரித்தால் அவையின் சிரிப்பு குறைகிறது, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டால் கூடுகிறது என்று உணர்ந்து, அன்று இறுக்கிய முகத்தைத் திரையில் பெரும்பாலும் தளர்த்தவேயில்லை. 1928இல் வெளிவந்த படம் ஒன்றில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுவதுமாக அவர் மீது சாய்கிறது. மாடியில் திறந்திருந்த சன்னலின் இடைவெளி சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் பிழைக்கிறார். சுவர் உண்மையானது, தந்திரக் காட்சி கிடையாது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. அப்போதும் அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முதல் நாள் மாலை அந்தக் காட்சியைத் திரையிட்டு, அதைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கமாகப் பேசியவன் நான். பேசியபோது எனக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை என்பது, என் சுவர் என் மீது சாய்ந்த பிறகே தெரிந்தது.

சிரிப்பு வருவதற்கு முந்தைய அந்த நொடிகளைப் பற்றித்தான் இந்த இரண்டு நாட்களாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். மேடையில் நின்று நகைச்சுவை செய்பவருக்கு அந்த நொடிகள் எவ்வளவு நீளமானவை! திரைக்கலைஞரின் பாடு இன்னும் கடினம். படப்பிடிப்புத் தளத்தில் ஒருவரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் ஒலிப்பதிவு கெடும். எப்போதோ, எங்கோ, முகம் தெரியாத மனிதர்கள் சிரிக்கப் போகும் சிரிப்பை மனத்துக்குள் அளந்து, அது முடியும்வரை அடுத்த வசனத்தை நிறுத்திவைக்க வேண்டும். இந்த அளவைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள், 1935இல் வெளியான தம் படத்தின் முக்கியக் காட்சிகளை முன்கூட்டியே ஊர் ஊராக மேடையில் நடித்துக்காட்டி, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிப்பு நீடிக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டு பிறகே கேமரா முன் நின்றார்கள். நம் நாகேஷின் தொடக்கமும் இப்படி ஒரு மேடைச் சிரிப்பில்தான். ரயில்வேயில் எழுத்தராக இருந்த நாளில், ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடங்களே தோன்றி அவர் அரங்கை அதிரவைத்ததையும், தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்தச் சிறு வேடத்தைத் தேடிப் பாராட்டியதையும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எம்.ஜி.ஆரின் பாராட்டைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அன்று அவையில் முதலில் சிரித்தது யார் என்று கேட்டவர் எவரும் இல்லை. அந்த ஒருவர் சிரிக்காமல் இருந்திருந்தால் என்ற கேள்வி இப்போது என்னை விடுவதாக இல்லை.

இனி, மற்றவர்களுக்கு. சிரிப்பு தந்த துணிச்சலில் "திரை இல்லை, நீங்களே சொல்லுங்கள்" என்று நான் உளறியதும் எழுந்து நின்று தமக்குத் தெரிந்த காட்சிகளை இருட்டிலேயே நடித்துக்காட்டிய அனைவருக்கும் நன்றி: 'கல்யாண பரிசு' எழுத்தாளர் பைரவனாகவும் அவர் மனைவியாகவும் மாறி, தங்கவேலுவும் சரோஜாவும் நம்மிடையே வந்துவிட்டார்களோ என்று மயங்கவைத்த முதிய தம்பதியர், 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணியின் இழுப்பும் குழைவும் துளியும் பிசகாமல் பேசிய ஆசிரியை, 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் சுத்தியல் தலையில் விழுந்த நேசமணிக்காக அரங்கையே பிரார்த்தனை செய்யவைத்த கல்லூரி மாணவர்கள் (2001இல் வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியலுக்கு 2019இல் சமூக வலைத்தளங்களில் உலகமே பதறியது என்றால், இன்னும் எத்தனை ஆண்டுகள் பதறுமோ), விவேக்கின் நினைவாக நடுவதற்கு மரக்கன்றுகள் கொண்டுவந்து, அவற்றை இருட்டில் ஒருவரும் மிதித்துவிடாதபடி காவல் நின்றவர், கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்து இரண்டு மணி நேரம் வெளிச்சம் தந்தவர்கள், அழிந்த காட்சிப்பதிவுகளுள் பெரும்பகுதியை மறுநாள் காலைக்குள் மீட்டுக் கொடுத்த தொழில்நுட்ப நண்பர்கள். தனித்தனியே எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன், எழுதுவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு சொல். 'காதலிக்க நேரமில்லை' படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தாம் எடுக்கவிருக்கும் திகில் படத்தின் கதையைத் தந்தை பாலையாவுக்குச் சொல்லும் காட்சியைத் திரையிடுவதுதான் அன்றைய திட்டம். இல்லாத ஒரு படத்தை வெறும் குரலாலும் கையசைவாலும் கண்முன் கொண்டுவருகிற காட்சி அது. திரை இருண்ட மாலைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. அதைச் செய்துகாட்ட எழுந்த இளைஞர், நாகேஷின் பகுதியைத் தாம் எடுத்துக்கொள்ளாமல் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "நான் பாலையா" என்றார். பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும் மெல்ல மெல்ல வெளிறியது, கண்கள் பக்கவாட்டில் ஓடின, துண்டு இல்லாத தோளில் துண்டைத் தேடின கைகள். அவையினர் விழுந்து விழுந்து சிரித்தது கதை சொன்னவரைப் பார்த்து அல்ல, கேட்டவரைப் பார்த்து. 1964இலிருந்து அந்தக் காட்சியை நாகேஷின் காட்சி என்றே சொல்லி வந்திருக்கிறோம். பாலையா பயப்படாமல் இருந்திருந்தால் அங்கே திகிலும் இல்லை, சிரிப்பும் இல்லை.

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்கூடத்தில் வைத்திருந்த படப்பலகைகளின் வாசகங்களை எழுதியவன் நான். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு முழுப் பலகை ஒதுக்கியிருந்தேன். அவர் பிறந்த 1908, அறிமுகமான 1936, சிறையிலிருந்து மீண்ட 1947, 'நல்லதம்பி' வெளிவந்த 1949 என எல்லாம் அதில் இருந்தன. எத்தனையோ படங்களில் அவருக்கு ஈடுகொடுத்து நின்றவரும், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் சிறைப்பட்ட நாட்களில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சில்வரை வழக்கு சென்று முடியும் மட்டும் தளராமல் போராடியவருமான டி.ஏ. மதுரம் அந்தப் பலகையில் "மனைவி" என்ற ஒரே சொல்லாக இருந்தார். ஹாலிவுட் நகைச்சுவை இணையான லாரலையும் ஹார்டியையும் பிரிக்கக் கூடாது என்று ஒரே பலகையில் வைக்கத் தெரிந்த எனக்கு, இது ஏன் தோன்றவில்லை? 1957 ஆகஸ்டில், மூன்று வார இடைவெளியில், அங்கே ஆலிவர் ஹார்டியும் இங்கே கலைவாணரும் மறைந்தார்கள். அதன் பிறகு ஏழரை ஆண்டுகள் வாழ்ந்த ஸ்டான் லாரல், நடிக்க அழைத்தவர்களையெல்லாம் மறுத்துவிட்டார். எதிரே நின்று வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது எதை வீசுவது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

ஆகவே ஒரு வாக்குறுதி. நான்காம் மாலைக்குள் படப்பலகைகள் திருத்தி எழுதப்படும். மதுரத்துக்குத் தனிப் பலகை வரும். எம். சரோஜாவுக்கும், நகைச்சுவை நடிகை சி.டி. ராஜகாந்தத்துக்கும், பாலையாவுக்கும் வரும். கவுண்டமணியின் பலகையில் ஓரத்தில் அடிவாங்கிக்கொண்டு நிற்கும் செந்தில் நடுவுக்கு வருவார். வாழைப்பழம் அவர் கையில்தான் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. இந்த வேலைக்கு இன்னும் இருவர் தேவை. எழுத்துப்பிழை பார்க்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

கடைசியாக ஒரு செய்தி. அன்று அரங்கில் விட்டுச் செல்லப்பட்ட ஒரு கறுப்புக் குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி உறைகள், குழந்தையின் கம்பளிக் குல்லா ஒன்று ஆகியவை எங்களிடம் பத்திரமாக உள்ளன. உரியவர்கள் நான்காம் மாலையில் பெற்றுக்கொள்ளலாம். என் இடக்கால் செருப்பு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கண்டெடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும். 1925இல் வெளிவந்த படத்தில் சாப்ளின் வேகவைத்துத் தின்ற காலணியாவது அதிமதுரத்தால் செய்தது, என்னுடையது ரப்பர்.